உறைபனி இல்லாத நாட்டில் கண்ணாடி கழுவும் நீர்

காருக்கு எண்ணெய் மாற்றுகிறோம், டயருக்குக் காற்று அடிக்கிறோம், ரேடியேட்டரைக்கூட எப்போதாவது எட்டிப் பார்க்கிறோம். வைப்பர் தண்ணீரை மட்டும், விசையை இழுத்தும் ஒன்றும் பீய்ச்சாதபோதுதான் நினைக்கிறோம். அப்போதும் என்ன செய்கிறோம்? வாசல் குழாயிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் பிடித்து ஊற்றி, மூடியை அழுத்திவிட்டு மறந்துவிடுகிறோம்.

“குளிர் நாட்டில் தண்ணீர் உறைந்துபோகும், அதனால் அங்கே ஏதோ கலக்கிறார்கள். நமக்கு எதற்கு, சார்?” என்று படிவம் நான்கு மாணவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில், பாதி சரி.

தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது. அதில் ஆல்கஹாலைக் கலந்தால் உறைநிலை இறங்குகிறது. நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியாக அடுக்கப்படுவதற்கு இடையில் வேற்று மூலக்கூறுகள் தடையாக நிற்பதே காரணம். மெத்தனால் தனியாக உறைய வேண்டுமானால் சுமார் -98 டிகிரி வரை போக வேண்டும். கனடாவிலும் ரஷ்யாவிலும் இது உயிர்காக்கும் விஷயம். நமக்கோ கேமரன் மலையின் குளிர்ந்த விடியற்காலையில்கூட தண்ணீர் உறைவதில்லை. ஆகவே அந்த ஒரு வேலைக்காகக் கரைசல் வாங்கத் தேவையில்லை.

ஆனால் கண்ணாடி கழுவும் கரைசலுக்கு வேறு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கண்ணாடியில் படியும் எண்ணெய்ப் படலத்தைப் பிரித்தெடுப்பது. மற்றொன்று, தொட்டியில் கிருமி வளராமல் தடுப்பது. இந்த இரண்டும் வெப்பமண்டலத்தில் வாழும் நமக்குத்தான் அதிகம் தேவை.

கண்ணாடியில் என்ன இருக்கிறது?

நகரச் சாலையில் ஒரு வாரம் ஓடிய காரின் முன்கண்ணாடியை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் வழுக்கும். டீசல் புகையின் கரித்துகள், சாலையில் சிந்திய எண்ணெய் மழைநீரோடு தெறித்தது, தூசி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இரவில் போயிருந்தால் பூச்சிகளின் கொழுப்பும் புரதமும், எல்லாம் சேர்ந்த மெல்லிய படலம் அது. பகலில், சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது.

தெரிவது எப்போது? கிள்ளானில் குடியிருந்து கோலாலம்பூரில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள். காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிழக்கே போகிறார்கள், உதிக்கும் சூரியன் முகத்தில். மாலையில் மேற்கே திரும்புகிறார்கள், மறையும் சூரியனும் முகத்தில். ஒரே நாளில் இரண்டு முறை! சாய்வாக வரும் அந்த ஒளி படலத்திலுள்ள நுண்துகள்களில் பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. சிதறிய ஒளியில் ஒரு பகுதி நேராக ஓட்டுநரின் கண்ணுக்கு வருகிறது. கண்ணாடி முழுவதும் வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிடுகிறது. முன்னால் போகும் லாரி தெரியும். அதன் நிழலில் போகும் மோட்டார் சைக்கிள் தெரியாது. பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்துபோவதே காரணம்.

இதை எண்ணில் பார்ப்போம். நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 30.6 மீட்டர். இரண்டு வினாடிகள் பார்வை மறைந்தால் கார் 61 மீட்டர் ஓடியிருக்கும். நீச்சல் போட்டி நடக்கும் 50 மீட்டர்க் குளத்தைவிட நீளம். அந்தத் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

வெறும் தண்ணீர் ஏன் போதாது?

எண்ணெய் பூசிய வாழையிலையில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருளும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாக ஈர்க்கின்றன. எண்ணெயோடு அவற்றுக்கு உறவு குறைவு. பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே நீர் விரும்புகிறது. இதைத்தான் பரப்பு இழுவிசை என்கிறோம். 25 டிகிரியில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். எண்ணெய்ப் படலம் படிந்த கண்ணாடியில் வெறும் நீரைப் பீய்ச்சும்போது அது பரவுவதில்லை. திட்டுத் திட்டாக நிற்கிறது. வைப்பர் வந்து அந்தத் திட்டுகளையும் எண்ணெயையும் சேர்த்து வளைகோடுகளாக இழுத்துவிட்டுப் போகிறது. துடைப்பதற்கு முன் இருந்ததைவிடப் பார்வை மோசமாகும்.

கரைசலில் இருக்கும் சலவைப் பொருளின் மூலக்கூறு விசித்திரமானது. அதன் தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும். ஒரு சிறிதளவே கலந்தாலும் பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே, 30 மில்லிநியூட்டன் அளவுக்கு இறங்கிவிடும். நீர் விரிந்து பரவுகிறது. வால்கள் எண்ணெயில் குத்திக்கொள்ள, தலைகள் நீரின் பக்கம் நிற்க, எண்ணெய் சிறு சிறு உருண்டைகளாகக் கழன்று வருகிறது. இந்த உருண்டைகளைத்தான் வைப்பர் தள்ளிவிடுகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய படச் சட்டத்தின் கண்ணாடியை எடுத்து, சமையல் எண்ணெயை விரல் நுனியில் தொட்டு மெல்லத் தடவுங்கள். ஒரு பக்கம் ஒரு துளி வெறும் தண்ணீர், மறு பக்கம் கண்ணாடி கழுவும் கரைசல் ஒரு துளி. இரண்டையும் பக்கவாட்டிலிருந்து கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். துளியின் விளிம்பு கண்ணாடியோடு அமைக்கும் கோணத்தைக் கோணமானியால் அளந்தால், அறிவியல் கண்காட்சிக்கு ஒரு நல்ல செயல்திட்டம் தயார். கண்ணாடி விளிம்பு கையைக் கிழிக்கும், ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ளுங்கள்.

“அப்படியானால் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை ஊற்றினால் போதாதா?” என்பது அடுத்த கேள்வி. பலர் ஊற்றுகிறார்கள். அது எண்ணெயைப் பிரிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது பிறகு நிறைய தண்ணீரில் அலசப்படும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. கண்ணாடியில் அலசுவதற்கு ஏது தண்ணீர்? நுரையும் அதைக் கெட்டியாக்கச் சேர்த்த பொருள்களும் அங்கேயே காய்ந்து புதிய படலமாகின்றன. துவாரத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. கார் கரைசலில் நுரை குறைவாக வரும் சலவைப் பொருள்களையே சேர்க்கிறார்கள். சலவைத்தூள், வினிகர் இவையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

நீரில்லாமல் வைப்பரை ஓட்டுவது இன்னும் கேடு. சாலைத் தூசியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, சன்னல் கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5. கடினமானது மென்மையானதைக் கீறும். உலர்ந்த வைப்பருக்கு அடியில் சிக்கிய மணல், உப்புத்தாள்போல் கண்ணாடியைத் தேய்க்கிறது. அந்தக் கீறல்கள் நிரந்தரம். இரவில் எதிரே வரும் விளக்கொளியை அவையும் சிதறடிக்கும். வைப்பரின் ரப்பரும் பாழாகும். நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் போய் வெட்டிய பால்மரத்து ரப்பர்தான் இன்றும் பல வைப்பர்களில் இருக்கிறது. வெயிலும் ஓசோனும் அதற்கு எதிரி. ஓரம் வெடித்துவிட்டால் எந்தக் கரைசலும் உதவாது, ரப்பரை மாற்றத்தான் வேண்டும்.

தொட்டிக்குள் வளர்வது

இப்போது சொல்லப்போவதை, நாள் முழுவதும் வண்டி ஓட்டும் அப்பாவோ மாமாவோ அண்ணனோ உள்ள வீட்டுப் பிள்ளைகள் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். லாரி, பள்ளிப் பேருந்து, வாடகைக் கார் ஓட்டுவோர் நம்மில் பலர்.

1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர ஹோட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடந்தது. அதன் பிறகு அந்த ஹோட்டலோடு தொடர்புடைய 221 பேர் ஒருவகை நுரையீரல் அழற்சியால் பாதிக்கப்பட்டனர். 34 பேர் இறந்தனர். காரணம் புரியவில்லை. மாதக்கணக்கில் தேடிய பிறகு, 1977 ஜனவரியில் ஒரு புதிய பாக்டீரியா அடையாளம் காணப்பட்டது. படைவீரர் சங்கத்தின் பெயரை ஒட்டி அதற்கு லெஜியோனெல்லா என்று பெயரிட்டார்கள்.

இந்தக் கிருமி பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. அது வாழும் தண்ணீர் நுண்துளிகளாகச் சிதறி, அந்தத் துளிகளை மூச்சோடு இழுக்கும்போதுதான் நுரையீரலுக்குள் போகிறது. தேங்கிய, வெதுவெதுப்பான நீர் அதற்குப் பிடிக்கும். சுமார் 20 முதல் 45 டிகிரி வரை அது பெருகும். தொட்டிச் சுவரில் படியும் வழுவழுப்பான உயிர்ப்படலம் அதற்கு நல்ல உறைவிடம்.

இப்போது நம் காரை நினைத்துப் பாருங்கள். மூடிய பிளாஸ்டிக் தொட்டி. வெயிலும் எஞ்சின் சூடும் நீரை வெதுவெதுப்பாக வைத்திருக்கின்றன. வாரக்கணக்கில் நீர் அசைவதில்லை. பிறகு துவாரம் வழியே அதை நாமே நுண்துளிகளாக்குகிறோம். கிருமி கேட்கும் எல்லாமே அங்கே இருக்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த நோய்க்கு ஆளானவர்களையும் ஆளாகாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. நீண்ட நேரம் வண்டி ஓட்டுவோருக்கு நோய் அதிகமாக வருவதன் காரணத்தைத் தேடியபோது, கரைசல் கலக்காத வெறும் நீரை வைப்பர் தொட்டியில் ஊற்றுவது ஒரு முக்கியமான ஆபத்துக் காரணியாகத் தெரியவந்தது. 2014இல் அமெரிக்காவின் அரிசோனாவில், வெயில் கொளுத்தும் பாலைவன மாநிலத்தில், பள்ளிப் பேருந்துகளின் கழுவும் நீரைச் சோதித்த ஆய்வாளர்கள் பெரும்பாலான மாதிரிகளில் லெஜியோனெல்லாவின் தடயத்தைக் கண்டார்கள். இன்னாருக்கு இன்ன பேருந்திலிருந்து நோய் வந்தது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. தொட்டி அதற்கு ஏற்ற இடம் என்பதைத்தான் காட்டியது. தொடர்பு வேறு, காரணம் வேறு. அறிவியல் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டை விடக்கூடாது.

“நுண்துளி காருக்கு வெளியேதானே பறக்கிறது?” என்று கேட்கலாம். பொனட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே, வைப்பரின் அடிப்பகுதியில், கறுப்பு நிறச் சல்லடை போன்ற பகுதி இருக்கிறதல்லவா? பெரும்பாலான கார்களில் ஏர்கோனுக்கு வெளிக்காற்று நுழையும் வாசல் அதுதான். கண்ணாடியில் வழியும் நீர் நேராக அங்கேதான் இறங்குகிறது. வாசனைக் கரைசல் பீய்ச்சியவுடன் காருக்குள் அந்த வாசனை வருவதைக் கவனித்திருப்பீர்கள். வாசனை வரும் வழியில் நுண்துளியும் வரலாம். பீய்ச்சும் நேரத்தில் ஏர்கோனை உட்சுழற்சியில் வைத்தால் இது வெகுவாகக் குறையும்.

குழாய் நீரில் குளோரின் இருக்கிறதே என்றால், இருக்கிறது, ஆனால் தங்காது. சூடான தொட்டியில் அது சில நாட்களில் ஆவியாகியும் வினைபுரிந்தும் தீர்ந்துவிடும். ஏர்கோனிலிருந்து சொட்டும் நீரைச் சேர்த்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் தாதுப்பொருள் குறைவு என்பது உண்மை. ஆனால் அது வழிந்து வரும் தட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வழுவழுப்பு வேண்டாம்.

பயந்து நடுங்கவும் தேவையில்லை. ஆரோக்கியமான இளைஞருக்கு ஆபத்து குறைவு. வயதானவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத்தான் அதிகம். தடுப்பு முறையோ மிக மலிவு. ஆல்கஹாலோ கிருமித்தடுப்பானோ சேர்ந்த கரைசலைத் தேர்ந்தெடுத்து, போத்தலில் சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். எல்லாக் கரைசலும் ஒன்றல்ல, லேபிளைப் படியுங்கள். கலக்க வேண்டியிருந்தால் பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர் நல்லது. சுண்ணாம்புப் பாறைப் பகுதிக் கிணற்று நீரைத் தவிருங்கள். அதிலுள்ள கால்சியம் உப்பு துவாரத்தில் கட்டியாகிவிடும்.

பார்ப்பதும் ஊற்றுவதும்

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். பொனட்டைத் தாங்குகோலில் சரியாக நிறுத்துங்கள். கையால் பிடித்துக்கொண்டு வேலை செய்யக்கூடாது. கண்ணாடி மேல் நீர் பீய்ச்சும் படம் போட்ட மூடியைத் தேடுங்கள், பெரும்பாலும் நீலமோ கறுப்போ. சில கார்களில் தொட்டி பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும். கழுத்து மட்டும் மேலே தெரியும். மூடியோடு அளவுகோல் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் கைவிளக்கு அடித்து உள்ளே பார்க்கலாம். சிறிய கார்களில் பொதுவாக 2 முதல் 4 லிட்டர் வரை பிடிக்கும். புனல் வைத்து ஊற்றி, கழுத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

படத்தைப் பார்க்காமல் மூடியைத் திறப்பதுதான் பெரிய ஆபத்து. பக்கத்திலேயே இன்னும் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கும். ஒன்று எஞ்சினைக் குளிர்விக்கும் நீருக்கு. அது சூடாக இருக்கும்போது அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். ஆகவே 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் இறங்கி, எல்லாம் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் சீறும்.

இன்னொன்று பிரேக் எண்ணெய்த் தொட்டி. அதில் கழுவும் நீர் கலந்தால் காரை நகர்த்தவே கூடாது. டாட் 4 வகை பிரேக் எண்ணெய்க்குக் குறைந்தபட்சக் கொதிநிலைத் தரம் 230 டிகிரி, சுமார் 3.7 விழுக்காடு நீரை உறிஞ்சிய நிலையில் அந்தத் தரம் 155 டிகிரிதான். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடேறி அந்த நீர் ஆவியானால், குழாயில் திரவத்துக்குப் பதில் ஆவி நிற்கும். திரவத்தைச் சுருக்க முடியாது, அதனால் கால் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆவியைச் சுருக்கலாம். மிதி தரைவரை போகும், கார் நிற்காது. தவறுதலாக ஊற்றிவிட்டால் பட்டறைக்காரரை வீட்டுக்கு வரவழைத்து முழுவதும் மாற்றச் சொல்லுங்கள்.

மீந்த கரைசலை மினரல் போத்தலிலோ பானப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். நீல நிறத்தில் குழந்தைக்கு அது சர்பத் மாதிரி தெரியும். சில கரைசல்களில் மெத்தனால் உண்டு. மிகக் குறைந்த அளவே பார்வையைப் பறிக்கக்கூடியது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கள்ளச்சாராயத்தில் கலந்து பல உயிர்களைப் பறித்தது இதே மெத்தனால்தான். குடித்தது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஏற்கெனவே தொட்டிக்குள் பாசியோ கறுப்புத் திட்டோ தெரிந்தால் மேலே மேலே ஊற்றிப் பயனில்லை. பட்டறையில் தொட்டியைக் கழற்றிக் கழுவச் சொல்லலாம். விசையை இழுத்தே காலி செய்யலாம் என்று நினைக்காதீர்கள். தொட்டியின் அடியிலுள்ள 12 வோல்ட் மோட்டார்ப் பம்புக்கு அந்த நீர்தான் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தருகிறது. வறண்டு சுற்றினால் சூடாகிக் கெட்டுவிடும்.

நீர் இருந்தும் பீய்ச்சாவிட்டால்

பம்பு தள்ளும் நீர் மெல்லிய குழாய் வழியாக வந்து, அதைவிடச் சிறிய துவாரத்தில் வெளியேறுகிறது. குழாயின் உள்விட்டம் 4 மில்லிமீட்டர், துவாரத்தின் விட்டம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விட்டம் நான்கில் ஒன்று, பரப்போ பதினாறில் ஒன்று. ஒரு வினாடியில் உள்ளே வந்த நீர் அதே வினாடியில் வெளியே போயாக வேண்டும். ஆகவே துவாரத்தில் வேகம் 16 மடங்கு. இவ்வளவு சிறிய துவாரம் என்பதால்தான் ஒரு துளி மெழுகோ உப்புக் கட்டியோ அதை அடைத்துவிட முடிகிறது.

எஞ்சினை அணைத்து, சாவியை மின்சாரம் வரும் நிலையில் வைத்து, விசையை ஓரிரு வினாடி இழுத்துக் காது கொடுங்கள். “ஙொய்” என்ற மோட்டார் ஒலி கேட்டால் பம்பு வேலை செய்கிறது. அடைப்பு துவாரத்திலோ, கழன்றது குழாயிலோ இருக்கும். பொனட்டின் அடியில் ஈரமாக இருந்தால் குழாய்தான். இல்லையென்றால் மெல்லிய தையல் ஊசியால் துவாரத்தை மெதுவாகச் சுரண்டுங்கள், ஆழமாகக் குத்திப் பெரிதாக்கிவிட வேண்டாம். ஹேட்ச்பேக் கார்களில் முன்னும் பின்னும் ஒரே தொட்டியாக இருக்கலாம். பல கார்களில் ஒரே மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் முன்கண்ணாடிக்கும், மறுபக்கம் சுற்றினால் பின்கண்ணாடிக்கும் நீரை அனுப்பும். அப்படிப்பட்ட காரில் பின்னால் பீய்ச்சி முன்னால் பீய்ச்சாவிட்டால், மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு முன்பக்கக் குழாயிலோ துவாரத்திலோ இருக்க அதிக வாய்ப்பு என்று வீட்டிலிருந்தே கணித்துவிடலாம்.

ஒலியே கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸ். கையேட்டில் அதன் இடமும் ஆம்பியரும் இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள். பெரியதைப் போட்டால் அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் கம்பி எரியும். புதியதும் உடனே எரிந்தால், இனி அது பட்டறைக்காரர் வேலை.